மலைக்கும் மண்டிக்கும் எந்த பிக்அப்? பொலேரோவா, தோஸ்த்தா, இன்ட்ராவா?

ஒட்டன்சத்திரத்தான்:

வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் எங்களுக்குத் தோட்டம். தக்காளி, முருங்கை, கொஞ்சம் கத்தரி. வீட்டில் 2012 மாடல் டாடா ஏஸ் நிற்கிறது, அப்பா ஓட்டியது. எங்களுக்குச் சோறு போட்ட வண்டி, குட்டி யானையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு சிலிண்டர், 702 சி.சி. தோட்டத்துக்கும் மண்டிக்கும் போய்வர அது போதும். இப்போது பாச்சலூர் மேலே போய் மலைவாழைத் தார் ஏற்றி வரும் வேலையும் சேர்ந்திருக்கிறது. வாரத்தில் மூன்று நடை மலை, மற்ற நாள் மண்டி. லோடு ஒன்றேகால் டன்னிலிருந்து ஒன்றரை டன் வரை வரும்.

வீட்டில் நாலு பேர், நாலு வண்டி. அப்பாவுக்கு மஹிந்திரா பொலேரோ பிக்அப். "வண்டின்னா முன்னால மூக்கு இருக்கணும்டா" என்கிறார். மாமா மண்டியில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அவருக்கு அசோக் லேலண்ட் தோஸ்த், ஓசூரில் செய்த நம்ம ஊர் வண்டி என்று. எனக்கு டாடா இன்ட்ரா வி50. முகம் புதுசாக இருக்கிறது. கியர் லிவர் டேஷ்போர்டிலேயே இருப்பதால் காலடியில் இடம் தாராளம், இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கலாம். தம்பியைக் கேட்காதீர்கள். அவன் இசுசு வி-கிராஸ் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு சுற்றுகிறான்.

பட்ஜெட் பத்து, பதினொரு லட்சம். பார்க்க நன்றாக இருக்கிற வண்டி மலையில் லோடோடு என்ன செய்யும் என்று ஓட்டியவர்கள் சொல்லுங்கள். யூடியூபில் எல்லாரும் வெறும் வண்டியை பைபாஸில் ஓட்டிவிட்டு இழுவை பிரமாதம் என்கிறார்கள்.

பனியன் லோடு:

நான் திருப்பூர். பண்டல் ஏற்றுகிறவன், எடை கம்மி, இடம்தான் வேண்டும். இன்ட்ரா வைத்திருக்கிறேன், திருப்தி. தோற்றம் முக்கியமில்லை என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள் பாருங்கள். எக்ஸ்போர்ட் கம்பெனி வாசலில் அழுக்கு வண்டியை நிறுத்தினால் செக்யூரிட்டியே உள்ளே விடுவதற்கு நாலு கேள்வி கேட்பார். பளிச்சென்று இருந்தால் வாடகை பேசும்போதே ஒரு மரியாதை. மலை அனுபவம் எனக்கு இல்லை, அதைப் பற்றிப் பேசவில்லை.

தாண்டிக்குடி டிரைவர்:

தம்பி, பத்தொன்பது வருஷமாக இதே மலையில் ஏறி இறங்குகிறேன். காபி, ஆரஞ்சு, மலைவாழை. முதலில் டாடா 207 ஓட்டினேன், பிறகு சொந்தமாக இரண்டு வண்டி. சொந்த வண்டிகளின் கம்பெனிப் பெயரை இங்கே சொல்ல மாட்டேன், அப்புறம் அந்தக் கம்பெனி ஆட்கள் சண்டைக்கு வருவார்கள்.

முதலில் தம்பியின் தம்பி விஷயத்தை முடித்துவிடுவோம். வி-கிராஸ் அழகான வண்டிதான், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நாலு சக்கர இழுவை. டொயோட்டா ஹைலக்ஸ் அதையும் தாண்டி 204 குதிரை. இரண்டும் ஆள் ஏறிச் சுற்றுவதற்கு. உங்கள் பட்ஜெட்டை இரண்டால் பெருக்கினாலும் வாசலில் வந்து நிற்காது. தார் ஏற்றி உள்ளே காம்புப் பால் கறை பட்டால் மனசு உடைந்துவிடும். தக்காளித் தோட்டம் நன்றாக விளையட்டும், அப்புறம் அவனுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

மிச்சம் மூன்று. ஏட்டுக் கணக்குப்படி தோஸ்த் பிளஸ் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 70 குதிரை, 170 நியூட்டன் மீட்டர். பொலேரோ பிக்அப் 2523 சி.சி., நாலு சிலிண்டர், 75 குதிரை, 200. இன்ட்ரா வி50 1496 சி.சி.தான், ஆனால் 80 குதிரை, 220. நம்பரை மட்டும் பார்த்தால் உங்கள் இன்ட்ராதான் ஜெயிக்கிறது. நான் மேட்டில் பார்ப்பது வேறு. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து, நீங்கள் லோடோடு நின்றுவிட்டு, மறுபடி முதல் கியரில் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் சுற்றே இருக்காது, டர்போவும் இன்னும் விழித்திருக்காது. அங்கே கைகொடுப்பது சி.சி. பெரிய எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் மூச்சு விட்டு இழுக்கும். சின்ன எஞ்சினை ரேஸ் கொடுத்து, கிளட்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். எடுக்கலாம், தினமும் எடுக்கிறார்கள். கிளட்ச் பிளேட் கணக்கை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதைப் பற்றியே எல்லாரும் கேட்கிறீர்கள். லோடு ஏறுவது எப்போது? நீங்கள் மலைக்கு வெறும் வண்டியாகப் போவீர்கள், தாரை ஏற்றிக்கொண்டு இறங்குவீர்கள். உங்கள் பிழைப்பே இறக்கத்தில்தான். இந்த மூன்றிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது, வித்தியாசம் உங்கள் காலில் இருக்கிறது.

என் முதல் வண்டிக்கு வந்த புதிதில் ஒரு பட்டறையில் பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன். பட்டை போட்டால் வண்டி தாழாது, தாழாவிட்டால் லோடு தெரியாது, தெரியாவிட்டால் இன்னும் நாலு தார் வைப்போம். அப்படி ஒரு நாள் இரண்டு டன்னுக்கு மேல் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு இறக்கத்தில் மூன்றாவது கியரில் விட்டேன். பாதி இறக்கத்தில் கருகிய வாடை. அடுத்த வளைவில் பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போகிறது. கைபிரேக்கையும் போட்டு, கியரை இரண்டுக்குத் தள்ளி, மலைப்பக்கம் ஒதுக்கி மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். டிரம்மில் தண்ணீர் ஊற்றாதே என்று பின்னால் வந்த லாரிக்காரர் கத்தினார், இல்லாவிட்டால் ஊற்றியிருப்பேன். முக்கால் மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையது. அன்றிலிருந்து ஏறின கியரிலேதான் இறங்குவது.

அதனால் என் யோசனை: ஒன்றரை டன் ஏற்றப் போகிறவன் ஒன்றரை டன் வண்டி வாங்கக் கூடாது. பொலேரோவில் 1.7 டன் இருக்கிறது. லேலண்டிலேயே வேண்டும் என்றால் 2020இல் வந்த படா தோஸ்த் ஐ4, சுமை 1860 கிலோ, 80 குதிரை. இவற்றில் ஒன்றை வாங்கி ஒன்றரை டன்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு இடத்தில் கை கடிக்கும். ஆர்.சி.யில் மொத்த எடை என்று ஒரு கட்டம் இருக்கும், வண்டியும் சரக்கும் சேர்த்து. அது 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டம் 66வது பிரிவில் இருக்கிறது. இன்ட்ரா வி50 2,940 கிலோ. சும்மா வந்த நம்பர் இல்லை அது, கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றே வைத்தது. தோஸ்த் பிளஸ்ஸும் கோட்டுக்குக் கீழேதான். பொலேரோ 1.7, ஐ4 இரண்டும் 3,000ஐத் தாண்டிவிடும், பர்மிட் எடுக்க வேண்டும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், வரி எல்லாருக்கும் உண்டு. ஓவர்லோடில் மாட்டினால் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூன்று நடை வாடகை போய்விடும்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். கார் லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோ வரை சரக்கு வண்டி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்னும் சில பேர் பேட்ஜ் எங்கே என்று மிரட்டுவார்கள்.

மைலேஜ் கேட்காதீர்கள். என் இரண்டாவது வண்டிக்கு ஷோரூமில் 18 என்றார்கள், மலையில் எனக்கு 11 வந்தது. திரும்பப் போய்க் கேட்டால், "சார், அது கம்பெனி ரோட்ல" என்றார். கம்பெனி ரோடு எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடுகிறேன்.

தோற்றம்? அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மூக்கு இருந்தால் எஞ்சின் முன்னால் இருக்கும், பானட்டைத் தூக்கினால் கைக்கு எட்டும், எதிரே மாடு வந்தாலும் ஒரு முழம் தள்ளி வரும். மூக்கு இல்லாத வண்டியில் அந்த முழம் சரக்குத் தொட்டிக்குப் போகிறது. மற்றபடி ஆறு மாதத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே முகம்தான். முன்கண்ணாடியில் சாமி பெயர், கீழே எலுமிச்சம்பழம், பக்கவாட்டில் கீறல். இரும்பு கார்டு மட்டும் முன்னால் அடிக்காதீர்கள், 2017 டிசம்பரிலேயே தடை சொல்லிவிட்டார்கள்.

பட்டறை வாசல்:

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று மட்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததெல்லாம் பி.எஸ்.6 புகை விதிப்படி செய்தது. சென்சார் லைட் எரிந்தால் என்னைப் போன்ற ரோட்டோர மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து பிரயோசனம் இல்லை, ஸ்கேனர் வேண்டும். அதனால் எந்த கம்பெனி என்பதற்கு முன்னால், உங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் எந்த கம்பெனி சர்வீஸில் உருப்படியான ஆள் இருக்கிறார் என்று விசாரியுங்கள். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிற எந்த வண்டியானாலும், சீட்டைத் தூக்குவதற்கு முன்னால் அங்கே செருகி வைத்திருக்கிற பில், பீடி, சாமி படம் எல்லாவற்றையும் நீங்களே எடுத்துவிடுங்கள். காணோம் என்று அப்புறம் என்னைக் கேட்கிறார்கள்.

விலை விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 ஆகிவிட்டது. பழைய கொட்டேஷனை யாராவது நீட்டினால் தேதியைப் பாருங்கள்.

ஒட்டன்சத்திரத்தான்:

எல்லாருக்கும் நன்றி. தாண்டிக்குடி அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூக்குப் பகுதியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

நேற்று ஒரு வேலை செய்தேன். எங்கள் தக்காளிப் பெட்டி, அதாவது கிரேட், மூன்றையும் டேப்பையும் ஏஸில் போட்டுக்கொண்டு ஷோரூம் ஷோரூமாகப் போனேன். கிரேட் 54 சென்டிமீட்டர் நீளம், 36 அகலம். சேல்ஸ் பையன் முதலில் சிரித்தான், பிறகு அவனே வந்து டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டான். தொட்டி அகலம் 5.3 அடி இருக்கிற இன்ட்ராவில் மூன்று கிரேட்டை நீளவாக்கில் குறுக்கே வைத்தால் மூன்றாவது இறங்கவில்லை. அழுத்தினால் இறங்கும் போல இருந்தது, ஆனால் திரும்ப எடுக்கத் தொட்டியை உடைக்க வேண்டும். பொலேரோவின் 5.6 அடி அகலத்தில் மூன்றும் உட்கார்ந்து இருபக்கமும் விரல் போக இடம் இருக்கிறது. அந்த மூன்று அங்குலத்துக்காக இவ்வளவு நாள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தாண்டிக்குடி டிரைவர்:

தம்பி, நல்ல வேலை செய்தீர்கள். ஆனால் கிரேட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தீர்களா? 36ஐக் குறுக்கே வைத்தால் நாலு போகும், 144தான்.

ஒட்டன்சத்திரத்தான்:

பார்த்தேன் அண்ணா. 5.3க்கு 9.7 அடி நீளத் தொட்டியில் நாலு குறுக்கே, ஐந்து வரிசை, அடுக்குக்கு இருபது. 5.6க்கு 9 அடி நீளத்தில் மூன்று குறுக்கே, ஏழு வரிசை, இருபத்தொன்று. மூன்று அடுக்கு வைத்தால் அறுபது, அறுபத்துமூன்று. பெரிய வித்தியாசமே இல்லை என்று மாமா குதித்தார். அப்புறம் எடை போட்டோம். நிறைந்த கிரேட் ஒன்று 27 கிலோ, காலி கிரேட்டின் இரண்டு கிலோவை நாங்கள் இத்தனை வருஷமாகக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அறுபது கிரேட் 1,620 கிலோ வருகிறது. ஒன்றரை டன் வண்டி என்றால் ஐந்து கிரேட்டை இறக்கி வைக்க வேண்டும். அதனால் பொலேரோ 1.7 என்று முடிவுக்கு வந்திருக்கிறோம், வெள்ளை நிறம். அறுபத்துமூன்று கிரேட் 1,701 கிலோ. ஒரு கிலோ அதிகம்.

நீங்கள் ஒன்றரையோடு நிறுத்தச் சொன்னது ஞாபகம் இருக்கிறது, மலைக்கு அப்படித்தான். இது மண்டிக்கு மட்டும்.

தாண்டிக்குடி டிரைவர்:

மண்டிக்கும் அறுபது போதும். அந்த ஒரு கிலோவை வழியில் தின்றுவிடலாம் என்று தம்பி சொல்வான் பாருங்கள். தின்றாலும் எடை வண்டியில்தான் இருக்கும் என்று சொல்லிவிடுங்கள்.