நீராவிக் காலத்து அமெரிக்க கூட்ஸ் வேகன்கள்: நீங்கள் அடையாளம் கண்ட அனுபவங்களைப் பகிருங்கள்

நீராவிநேசன்:

அமெரிக்காவில் எந்த ரயில் மியூசியத்துக்குப் போனாலும் கூட்டம் எஞ்சினைச் சுற்றித்தான் நிற்கிறது. பின்பக்கம் துருப்பிடித்து நிற்கும் பாக்ஸ் காரை (நாலா பக்கமும் மூடிய சரக்குப் பெட்டி) யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ரயில்வே கம்பெனிகளுக்குச் சோறு போட்டதே அந்தச் சரக்குப் பெட்டிகள்தான். நம் ஆட்கள் பலர் இங்கே பல மாநிலங்களில் இருக்கிறோம். எங்கே எந்தப் பழைய வேகனைப் பார்த்தீர்கள், எதை வைத்து அது இன்னதென்று கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

ஒஹாயோவில் ஒரு பண்ணை. அங்கே தீவனம் போட்டு வைக்கும் கொட்டகை ஒரு பழைய பாக்ஸ் காரின் உடல். சக்கரமும் கிடையாது, அடியில் பிரேக் சாமானும் கிடையாது. நான்கு மூலையிலும் கான்கிரீட் கட்டை வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். மேலே எத்தனையோ முறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. பண்ணைக்காரருக்கு அது ரயில் பெட்டி என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. தாராளமாகப் பாருங்கள் என்று விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட உடலில் முதலில் எடுக்க வேண்டியது உள் உயரம். 1918-ல் போர்க்கால அரசு நிர்வாகம் கட்டிய பாக்ஸ் கார்களில் அது சுமார் 9 அடி. 1932-ல் ரயில்வே சங்கம் வகுத்த தர வடிவத்தில் 9 அடி 4 அங்குலம். 1937 வடிவத்தில் 10 அடி. அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் 10 அடி 6 அங்குலம். ஆக, டேப்பை நிமிர்த்திப் பிடித்தாலே காலம் பாதி தெரிந்துவிடும். இந்தக் கொட்டகை இவை எல்லாவற்றையும்விடத் தாழ்வு. தரையில் தீவனத் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. அதை ஒரு மூலையில் சுரண்டிவிட்டு அளந்தால் 8 அடி 7 அங்குலத்தை ஒட்டி வந்தது. முழு எஃகு உடல், இவ்வளவு தாழ்ந்த கூரை என்றதும் பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியின் எக்ஸ்29 வகைதான் நினைவுக்கு வந்தது. 1924-லிருந்து கட்டியது, கிட்டத்தட்ட 30,000 பெட்டிகள்.

அப்புறம் பெட்டியின் முனைச் சுவர். என்னைக் கேட்டால் ஒரு வேகனில் மிக நேர்மையான பகுதி அதுதான். கதவை மாற்றுவார்கள், கூரையை மாற்றுவார்கள், ட்ரக்கை (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) அடியோடு கழற்றி வேறு போடுவார்கள். முனைச் சுவர் பெரும்பாலும் பிறந்தபடியே இருக்கும். இதில் வரி வரியான நெளிவு எதுவும் இல்லை. தட்டையான எஃகுத் தகடு, வரிசையாக ரிவெட். ஆரம்ப கால எக்ஸ்29-களின் முனை இப்படித்தான் இருக்கும். பின்னால் வந்தவற்றில் ட்ரெட்நாட் என்ற நெளிவுத் தகடு வந்துவிட்டது.

இதோடு முடிவு கட்டிவிடக் கூடாது. பால்டிமோர் & ஒஹாயோ ரயில் கம்பெனியின் எம்-26 வகையும் ஏறக்குறைய இதே வடிவம்தான். அதனால் சாயங்காலம் வரை இருந்தேன். வெளிச்சம் மங்கியதும் டார்ச்சைச் சுவரோடு சுவராகப் படுக்க வைத்து அடித்தேன். பழைய எழுத்துகளின் வெள்ளைப் பெயிண்ட் விளிம்புகள், மேலே எத்தனை பூச்சு இருந்தாலும், சாய்ந்த ஒளியில் லேசாகப் புடைத்துத் தெரியும். முதலில் ஒன்றுமில்லை. கதவுக்கு வலப்பக்கம் டார்ச்சை இன்னும் கீழே இறக்கியதும் ஒரு பெரிய வட்டத்தின் கோடு, அதற்குள் பென்சில்வேனியா கம்பெனியின் கீஸ்டோன் (வளைவின் நடுக்கல்) சின்னத்தின் சாய்ந்த தோள் ஒன்று. பென்சில்வேனியாதான்! 1954-ல் வட்டத்தை எடுத்துவிட்டு நிழல் வைத்த கீஸ்டோனுக்கு மாறிவிட்டார்கள். எனவே இந்தப் பெட்டிக்கு அந்த அலங்காரம் கிடைத்தது அதற்கு முன்பு. அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தையில்லை. பண்ணைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

விஸ்கான்சின்வாசி:

அருமை அண்ணா. ட்ரக் பற்றிச் சொன்னீர்களே, அதில் எனக்கும் ஓர் அனுபவம்.

எங்கள் பக்கத்து மியூசியம் ஒன்றில் மரத்தாலான பாக்ஸ் கார் ஒன்று. அடியில் நீளவாக்கில் இழுகம்பிகள் ஓடுகின்றன. மர அடிச்சட்டம் தொய்ந்துவிடாமல் பிடித்து நிறுத்துபவை அவை. அதைப் பார்த்தாலே பெட்டி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ அதற்கு முன்பையோ சேர்ந்தது என்று புரியும். ஆனால் கீழே இருக்கும் ட்ரக்கோ ஒரே வார்ப்பாக ஊற்றிய பெட்டண்டார்ஃப் வகை. கூட வந்த நண்பர், இரண்டும் பொருந்தவில்லையே, பெட்டி போலியாக இருக்குமோ என்றார்.

போலி இல்லை. பட்டை இரும்புகளை வளைத்து போல்ட் போட்டு இணைத்த ஆர்ச்பார் ட்ரக்குகள் ஓட்டத்தில் போல்ட் தளர்ந்தும் பட்டை முறிந்தும் தடம்புரளக் காரணமாயின. 1940-ல் அவற்றைக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் வண்டிகளில் ஓடக்கூடாதென்று தடை செய்துவிட்டார்கள். அதனால் உழைத்துக்கொண்டிருந்த பழைய பெட்டிகளுக்கெல்லாம் புது ட்ரக் மாட்டினார்கள். ட்ரக்கின் பக்கச் சட்டத்தில் புடைத்த எழுத்தில் தேதி இருந்தால் அது ட்ரக் பிறந்த தேதி மட்டுமே, பெட்டியின் தேதி இல்லை. அதே பெட்டியில் சக்கரங்களின் உள்பக்கம் குனிந்து பார்த்தேன். வளைந்த விலா எலும்புகளாக வார்ப்பு வரிகள். வார்ப்பிரும்புச் சக்கரம்! உருட்டிச் செய்த எஃகுச் சக்கரத்தில் அந்த வரிகள் கிடையாது. மண்டி போட்டுப் பார்த்ததில் முழங்கால் முழுக்க கிரீஸ், ஆனால் பார்க்க வேண்டிய பொருள்.

மேரிலாண்ட் மாறன்:

எங்கள் ஊர் வேகனுக்கு டேப், டார்ச் எதுவும் வேண்டாம். பால்டிமோர் & ஒஹாயோவின் எம்-53, 'வேகன்-டாப்' என்பார்கள். பக்கச் சுவரும் கூரையும் தனித்தனி இல்லை. சுவர்த் தகடு அப்படியே வளைந்து கூரையாகப் போகும். 1937-லிருந்து கட்டியவை. பழைய சரக்கு ரயில் படத்தில் இருபது பெட்டிக்கு அப்பால் நின்றாலும் தெரிந்துவிடும்.

அதே போலத்தான் மில்வாக்கி ரோடு என்ற ரயில் கம்பெனி தன் சொந்தப் பட்டறையில் கட்டிய பெட்டிகள். வெல்டிங் செய்த சுவரில் விலா வரிகள் படுக்கைவாட்டில் ஓடும். மற்றவர்களுக்கெல்லாம் நிமிர்ந்த ரிவெட் வரிசை. இப்படித் தனி முகம் உள்ள கம்பெனிகளை முதலில் கற்றுக்கொள்வதுதான் புதியவர்களுக்கு நல்லது.

பிட்ஸ்பர்க்பொண்ணு:

நான் கண்டுபிடித்தது வேகன் இல்லை, ஒரு புகைப்படத்தின் வருடம்.

எதிர்வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். அவருடைய அப்பா வர்ஜீனியாவில் நார்ஃபோக் & வெஸ்டர்ன் ரயில்வேயில் பிரேக்மேனாக இருந்தவர். பெரிய கம்பெனிகளில் 1960 வரை நீராவியை விடாமல் பிடித்திருந்தது அதுதான். ஆல்பத்தில் அப்பா ஒரு பாக்ஸ் காரின் பக்கத்தில் நிற்கும் படம். பின்னால் ஒன்றும் எழுதவில்லை. இது எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படத்தை நல்ல ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்தேன். பெட்டி லூயிவில் & நாஷ்வில் கம்பெனியுடையது. அப்பாவின் தோளுக்குப் பின்னால் எடை விவரங்களை ஸ்டென்சில் செய்திருக்கிறது. வேகன்களை அவ்வப்போது மறுபடி எடை போட்டு, போட்ட இடத்தின் குறியையும் மாதம்-வருடத்தையும் எழுதுவார்கள். அதில் 9-51 தெளிவாகத் தெரிந்தது. சரி, 1951 செப்டம்பருக்கு முன்னால் எடுத்த படம் இல்லை.

மறுபக்க எல்லையைக் கண்டுபிடிக்கப் பெட்டியின் அடியில் பார்த்தேன். காற்றுப் பிரேக் சாமான் பழைய கே வகை. 1933-லிருந்து புதுப் பெட்டிகளுக்கு ஏபி என்ற புது வகை பிரேக் கட்டாயம். பழையவற்றை மாற்றக் கெடுவை நீட்டிக்கொண்டே போய், 1953-ல்தான் கே பிரேக் உள்ள பெட்டிகளை அடுத்த கம்பெனி ஏற்கக்கூடாதென்று நிறுத்தினார்கள். இது லூயிவில் & நாஷ்வில் பெட்டி, நிற்பதோ நார்ஃபோக் & வெஸ்டர்ன் தண்டவாளத்தில். அப்படியானால் தடை வருவதற்கு முன்பு. 1951 கடைசிக்கும் 1953-க்கும் நடுவில்!

அந்த அம்மாவிடம் சொன்னதும், அப்படியென்றால் அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிது, நான் பிறக்கவே இல்லை என்றார். அன்றே படத்தின் பின்னால் பென்சிலில் எழுதி வைத்துவிட்டார்.

தண்டவாளம்77:

சகோதரி, கே, ஏபி இரண்டையும் ஒரு பழைய படத்தில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எனக்கு அடியில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரிகிறது.

பிட்ஸ்பர்க்பொண்ணு:

படத்தின் நிழல் பகுதியை மட்டும் எடிட்டரில் வெளிச்சமாக்கிப் பாருங்கள். ஏபி என்றால் பிரேக் சிலிண்டர், காற்றுத் தொட்டி, வால்வு மூன்றும் தள்ளித் தள்ளித் தொங்கும். கே என்றால் பாக்ஸ் காரில் பெரும்பாலும் எல்லாம் சேர்ந்த ஒரே நீள உருளையாக இருக்கும். ஹாப்பரில் (நிலக்கரி போன்றவற்றை அடியில் திறந்து கொட்டும் பெட்டி) கே வகையையும் பிரித்துப் பொருத்தியிருப்பார்கள், அங்கே கவனம் தேவை.

முனையில் கை பிரேக்கையும் பாருங்கள். கூரைக்கு மேல் நீளும் கம்பியின் தலையில் படுக்கையாக வீல் இருந்தால் பழைய முறை. முனைச் சுவரில் பற்சக்கரப் பெட்டியோடு நிமிர்ந்து நிற்கும் வீல் என்றால் பெரும்பாலும் 1937-க்குப் பிந்தைய பெட்டி.

நீராவிநேசன்:

பிட்ஸ்பர்க் தங்கை, உங்கள் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தேதியை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்த விதம் பிரமாதம்.

படங்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜாக் டெலானோ 1942-43-ல் அமெரிக்க அரசுக்காக எடுத்த ரயில் படங்கள் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல படங்கள் கோடாக்ரோம் என்ற வண்ண ஃபிலிமில். சிகாகோ & நார்த் வெஸ்டர்னின் ப்ரொவிசோ யார்டை மேலிருந்து எடுத்தவை எனக்கு உயிர். வேகன் படங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் எடுத்தவையாகவே இருக்கும். கூரையை, அதன் மேல் ஆட்கள் நடக்கும் மரப் பலகையை, இவ்வளவு தெளிவாகக் காட்டும் படங்கள் அரிது. இன்னொன்று, எல்லாப் பெட்டியும் ஒரே செங்காவி என்று நாம் நினைக்கும் நிறம் அங்கே பெட்டிக்குப் பெட்டி வேறு. ஒன்று ஆரஞ்சுப் பக்கம், ஒன்று சாக்லேட், ஒன்று கரி படிந்து கறுப்பு. மாடல் செய்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

டெக்சாஸ் ரவுண்டானா:

எனக்குக் கொஞ்சம் ஆதங்கம். பெயர் சொல்லவில்லை, ஒரு மியூசியத்தில் 1930-களின் பாக்ஸ் கார் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பெட்டியின் பக்கச் சுவர் முழுக்க வெல்டிங், ரிவெட்டே கிடையாது. முனையில் புல்மன்-ஸ்டாண்டர்ட் கம்பெனி தானே வடிவமைத்த நெளிவுத் தகடு. பெட்டி புல்மன்-ஸ்டாண்டர்டின் பி.எஸ்-1 வகையாகத்தான் இருக்க வேண்டும், 1947-லிருந்து வந்தது. அதன் மேல் பழைய பாணியில் எழுத்துக்கு மேலும் கீழும் கோடு போட்டு எழுதிவிட்டார்கள்.

தன்னார்வலர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெயிலில் நின்று துரு சுரண்டிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆனால் பி.எஸ்-1 தன்னளவிலேயே பெருமைக்குரிய பெட்டி, ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். அதை அதுவாகவே காட்டலாமே.

விஸ்கான்சின்வாசி:

ரவுண்டானா சார், மெயில் போடுங்கள். முனையைப் படம் எடுத்து, என்ன தெரிகிறது என்று மரியாதையாக நான்கு வரி. எங்கள் பக்கத்தில் ஒரு மியூசியம் அப்படித்தான் பலகையைத் திருத்தியது. பெரும்பாலும் சொல்ல ஆளில்லாமல்தான் தப்பு அப்படியே நிற்கிறது.

தண்டவாளம்77:

நானும் ஒன்று போடலாமா? நெப்ராஸ்காவில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு மரப்பெட்டி, கொட்டகையாக நிற்கிறது. வெளியில் சட்டங்கள் தெரிகின்றன, பலகை உள்ளே. சாய்ந்த சட்டங்கள் கதவுக்கு இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. முனையில் நெளிவுத் தகடு, மூன்று பகுதியாக. எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிறது. உள்ளே போக அனுமதி வாங்கிவிட்டேன்.

நீராவிநேசன்:

நல்ல வேட்டை! வெளிச்சட்டம் வைத்த ஒற்றைப் பலகை வகை அது. 1918-ல் அரசு நிர்வாகம் அப்படி 25,000 பெட்டி கட்டியது, பிறகு பல கம்பெனிகளும் தம் பாணியில் கட்டின. அதனால் அவசரப்பட்டுப் பெயர் வைத்துவிட வேண்டாம். உள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எடுங்கள். கதவுக்கு ஒரு பக்கம் எத்தனை கட்டம், சாய்ந்த சட்டம் மேலே கதவை நோக்கிச் சாய்கிறதா, முனையை நோக்கியா என்று குறியுங்கள். முனைத் தகட்டின் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை நெளிவு என்று எண்ணுங்கள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் வேகன்களின் எண் வரிசை, உள் அளவு, கொள்ளளவு எல்லாவற்றையும் ரயில்வே உபகரணப் பதிவேட்டில் அச்சிட்டு வந்தது. 1943-ஆம் ஆண்டுப் பதிவேட்டின் மறுபதிப்பு என்னிடம் இருக்கிறது. அளவுகளையும் அந்த நான்கு இலக்கத்தையும் அனுப்புங்கள், உட்கார்ந்து தேடிப் பார்த்துவிடுகிறேன். சாயங்காலம் போகிறீர்கள் என்றால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பலகை, ஆணி நீட்டிக்கொண்டிருக்கும், கையுறையும் கனமான ஷூவும் கட்டாயம்.