டிரைவ்டிரெயின்: 'இயக்கத்தொடர்' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

டிரைவ்டிரெயின் (drivetrain) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில், ஐயா ஒருவர் 'இயக்கத்தொடர்' என்று தந்தார். அது காருக்குப் பொருந்தும். அங்கே எஞ்சின் தனி, அதன் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்களின் வரிசைதான் டிரைவ்டிரெயின். ஆனால் மாணவர்கள் ரோபோ செய்து மோதும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போன்ற போட்டிகளில் இந்தச் சொல்லைச் சொன்னால் மோட்டாரிலிருந்து தரையைத் தொடும் சக்கரம் வரை எல்லாமே அடங்கும்.

ஏன் அப்படி என்று ஒரு கணக்குப் போட்டாலே தெரியும். இந்தப் போட்டி ரோபோக்களில் பயன்பட்டுவந்த சிம் (CIM) என்ற மின்மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,300 சுற்று சுற்றும், பல்சக்கரப் பெட்டி அதை 10.71-இல் ஒரு பங்காகக் குறைத்தால் சக்கரத்துக்கு 495 சுற்று வரும், சக்கரம் 6 அங்குலம் என்றால் வேகம் நொடிக்கு 4 மீட்டர். அதே பெட்டியில் 4 அங்குலச் சக்கரத்தைப் போட்டால் வேகம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும், தள்ளும் விசை ஒன்றரை மடங்காகும். சக்கரத்தை விட்டுவிட்டுப் பல் விகிதத்தை முடிவுசெய்யவே முடியாது. அப்புறம் ஆறு சக்கர ரோபோ வண்டியில் நடுச்சக்கரத்தை 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்த்தி வைப்பார்கள். ஒரு நேரத்தில் நான்கு மட்டுமே தரையில் படும், அதனால் திரும்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் உரசி மோட்டாரைத் திணறடிப்பது குறையும். இந்த முடிவெல்லாம் 'தொடர்' என்ற சொல்லுக்குள் அடங்காது.

டிரைவ்டிரெயினுக்கு 'ஓட்டுத்தொகுதி' என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இலங்கையில் நரம்புத்தொகுதி என்பது இயல்பான வழக்கு, அங்கே பொருள் புரியலாம். தமிழ்நாட்டு மாணவருக்கு ஓட்டு, தொகுதி இரண்டும் சேர்ந்தால் தேர்தல்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை 'செலுத்தம்'. வண்டியைச் செலுத்து, கப்பலைச் செலுத்து என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். குறுஞ்சொல், முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். இடம் வலம் என இரண்டு பக்கச் சக்கரங்களையும் தனித்தனியாக ஓட்டும் டேங்க் டிரைவ் 'இருபக்கச் செலுத்தம்' ஆகும். முதல்முறை போட்டிக்குப் போகும் மாணவர்கள் இதையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செய்வது எளிது, மோதினாலும் தாங்கும். காருக்கு வேண்டுமானால் 'செலுத்துதொடர்' என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

வண்டியைப் பக்கவாட்டிலும் நகரவைக்கும் மெக்கானம் சக்கரத்துக்குச் 'சாயுருளை' சரிவரும், விளிம்பு முழுக்க 45 பாகைச் சாய்வில் சிறு உருளைகள்தானே இருக்கின்றன! மெக்கானம் என்பது அதைக் கண்டுபிடித்த சுவீடன் நாட்டுப் பெங்ட் இலோன் வேலைபார்த்த நிறுவனத்தின் பெயர், அதில் பொருள் எதுவும் இல்லை.

ஸ்வெர்வ் டிரைவ் (swerve drive) என்பதற்குத்தான் எனக்கு இன்னும் சரியான சொல் பிடிபடவில்லை. 'திரும்புசக்கரச் செலுத்தம்' என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் காரின் முன்சக்கரமும் திரும்பத்தானே செய்கிறது. இதில் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாகத் திருப்பும் மோட்டார் உண்டு, அந்தத் தனித்தன்மை சொல்லில் வர வேண்டும். 'தனித்திருப்புச் செலுத்தம்' காதுக்கு எப்படி இருக்கிறது?