ஆபீஸ் பைக்குள் அடங்கும் அவசரப் பை: எதை வைக்க, எதை விட?

கூடுவாஞ்சேரி_சீசன்பாஸ்:

எல்லோருக்கும் வணக்கம். தினமும் கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் பிடித்து கிண்டியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆபீஸ் போகிறேன். போன வாரம் திரும்பி வரும்போது நல்ல மழை. வண்டி பல்லாவரம் தாண்டி நின்றது, நின்றதுதான். போனில் சார்ஜ் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டி முழுக்கத் தேடியும் ஒருத்தர் பையிலும் ஒரு மிட்டாய் இல்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பையன்தான் சாக்லேட் கொடுத்தான்.

அன்றிலிருந்து ஒரு சின்ன அவசரப் பை தயார் செய்ய வேண்டும் என்று மனசில் ஓடுகிறது. யூடியூபில் பார்த்தால் கயிறு, மடக்குக் கத்தி, நெருப்பு மூட்டும் கம்பி என்று அடுக்குகிறார்கள். பல்லாவரத்தில் நெருப்பு மூட்டி நான் யாரைக் காப்பாற்றப் போகிறேன்?

என் நிலவரம்: ஏற்கெனவே லேப்டாப், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு கிலோ கூட்டினாலே தோள்பட்டை கழன்றுவிடும். பவர் கண்ணாடி போடுகிறேன். தைராய்டு மாத்திரை தினமும் உண்டு. ஒற்றைத் தலைவலி எப்போதாவது வரும். என்ன வைக்கலாம் சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு:

சகோதரி, நான் தாம்பரம் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு ஓடி வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். இதுவரை யாரும் கயிறு கேட்டு வந்ததில்லை.

நமக்கு வருகிற அவசரம் பெரும்பாலும் மூன்று நான்கு மணி நேரம் வீடு போய்ச் சேர முடியாத அவசரம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்க முடியாதது எது, கடையிலும் கிடைக்காதது எது? அது மட்டும் பையில் போகட்டும். தண்ணீர் யாராவது தருவார்கள், பிஸ்கட் பிளாட்பாரத்தில் கிடைக்கும். உங்கள் கண்ணாடியை யாரிடம் கடன் வாங்குவீர்கள்? அதனால் பழைய பவர் கண்ணாடி ஒன்று பெட்டியோடு உள்ளே போக வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அடுத்து மாத்திரை. தைராய்டு மாத்திரை ஒரு வேளை தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, அந்த மருந்து உடம்பில் பல நாள் நிற்கும். அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் ஒற்றைத் தலைவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை கட்டாயம் இருக்கட்டும். அதை வலி தொடங்கும்போதே போட்டால்தான் கேட்கும். வீடு போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பாதிப் பலன்தான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வலிப்பு மாத்திரை, இன்ஹேலர், பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு நாளுக்கானதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடையில் தினமும் பார்க்கிற கூத்து ஒன்று. அட்டையை வெட்டும்போது காலாவதி தேதி இருக்கிற முனை ஒருவரிடம் போய்விடும், மிச்சம் இன்னொருவரிடம். பைக்கு வாங்கும்போது தேதி இருக்கிற துண்டாகக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தேதியை ஒரு சின்னச் சீட்டில் எழுதி அட்டையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். ஈரம் பட்டு வீணாகும், எது என்ன மாத்திரை என்றும் தெரியாது.

பாராசிட்டமால் 650 நான்கு போதும். ஆறு மணி நேரம் இடைவெளி விட்டுப் போடுங்கள். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் ஏராளம். ஆன்டிபயாடிக் எதையும் நீங்களாக எடுத்து வைக்க வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ்., அதாவது வயிற்றுப்போக்கில் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி, வைப்பதென்றால் சின்னப் பாக்கெட்டாக, 200 மில்லிக்குக் கலக்குவதைக் கேளுங்கள். 21 கிராம் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும், ரயிலில் அதற்கு எங்கே போவது? அட்டைப் பெட்டியில் வருகிற பழச்சுவை பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்காதீர்கள். அப்படிப் பெயர் போட்டு விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது.

கண் இருட்டியது என்று சொன்னீர்களே, சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 15 கிராம் அளவு கொடுத்துப் பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். அதற்கு 108தான்.

காயத்துக்கு நாலைந்து பேண்ட் எய்ட், ஒரு காஸ் துணிச் சுருள், பேப்பர் டேப். பஞ்சு வேண்டாம், புண்ணில் நார் ஒட்டிக்கொண்டு வரும்.

லேடீஸ்_கோச்:

அண்ணன் விட்டதை நான் சொல்கிறேன். நாப்கின் இரண்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பெட்டியில் யாராவது ஒரு பெண் கேட்பாள். நாலு ஊக்கு. செருப்பு வார் அறுந்தாலும் அது உதவும், பை ஜிப் போனாலும் உதவும்.

பணம் சில்லறையாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஜிபேயை வைத்துக்கொண்டு பால் பாக்கெட் வாங்க முடியவில்லை. ஐந்நூறு ரூபாயை ஒரே நோட்டாக வைக்காதீர்கள், ஷேர் ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்து, இருபது, ஐம்பதாக மாற்றி வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் நம்பர் உங்களுக்கு மனப்பாடமா? எனக்கு என் கணவர் நம்பரே பாதிதான் தெரியும். ஒரு அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள், ஜெல் பேனா ஈரத்தில் கரைந்துவிடும்.

வாட்_கணக்கு:

பவர் பேங்க் பற்றி மட்டும். 20000 வாங்கி முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம், 10000 எம்.ஏ.ஹெச். போதும், சுமார் 200 கிராம்தான் வரும். ஆனால் அந்த 10000 என்பது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. போனுக்கு 5 வோல்ட்டாக ஏற்றி அனுப்பும்போது ஆறாயிரம் சொச்சம்தான் கைக்கு வரும். 5000 பேட்டரி போன் என்றால் ஒரு முழு சார்ஜும் கொஞ்சமும். மழை ராத்திரிக்கு அது தாராளம். கேபிள் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம்.

டார்ச்சுக்கு போனையே நம்பினால் இருக்கிற சார்ஜும் போய்விடும். ஒற்றை பேட்டரி போடுகிற சின்ன டார்ச் வாங்கி, பேட்டரி முனையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி வையுங்கள். பைக்குள் தானாக எரிந்து தீராது.

கூடுவாஞ்சேரி_சீசன்பாஸ்:

மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் என் பழைய மேக்கப் பவுச்சில் அடைத்து, காய்கறிக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. கடைக்கார அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தது வேறு விஷயம். வேர்க்கடலை மிட்டாய் இரண்டும் சேர்த்திருக்கிறேன், விசில் ஒன்றும்.

இரண்டு சந்தேகம். ஆதார் அட்டையை உள்ளே வைக்கலாமா? அப்புறம், தினமும் தூக்க சோம்பலாக இருந்தால் ஸ்டேஷன் ஸ்டாண்டில் நிற்கும் ஸ்கூட்டி டிக்கியிலேயே பவுச்சைப் போட்டு வைக்கலாமா?

லேடீஸ்_கோச்:

அசல் வேண்டாம். முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதார் ஆன்லைனில் கிடைக்கிறது, அதை அச்செடுத்து வையுங்கள். டிஜிலாக்கர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், நெட் இல்லாத நேரத்தில் திறக்காமல் போகலாம். போனில் அவசரத் தகவல் என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் ரத்த வகையும் வீட்டு நம்பரும் போட்டு வைத்தால் லாக் திறக்காமலே மற்றவர்கள் பார்க்கலாம்.

மருந்துச்சீட்டு:

டிக்கியில் மட்டும் வேண்டாம், சகோதரி. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், 25 டிகிரிக்குள் வை, 30 டிகிரிக்குள் வை என்று போட்டிருக்கும். வெயிலில் நிற்கிற வண்டி டிக்கிக்குள் சூடு அதையெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். பேண்ட் எய்ட் பசை காய்ந்து ஒட்டாது, பவர் பேங்க்குக்கும் அந்தச் சூடு ஆகாது. சோம்பலாக இருந்தால் கண்ணாடி, தலைவலி மாத்திரை, சில்லறை மூன்றையும் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பவுச் ஆபீஸ் டிராயரில் இருக்கட்டும், வானம் கறுக்கிற நாளில் எடுத்து வாருங்கள்.

கடலை மிட்டாயை மட்டும் மாதம் ஒரு தடவை தின்று தீர்த்துவிட்டுப் புதிதாக வையுங்கள். சிக்கு வாடை வந்தால் பை முழுக்க நாறும்.