மண்டபத்து ஃபோகஸ் விளக்குகளால் கண் கூசுகிறது: வெளிச்சத்துக்கு விதி உண்டா?

கேள்வி: கீழத்தெருக்காரன் (பாளையங்கோட்டை வட்டம்)

எங்கள் வீட்டுக்கு எதிரிலுள்ள திருமண மண்டபத்தின் மதிற்சுவரில் பொருத்திய ஃபோகஸ் விளக்குகள், முகூர்த்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடியும்வரை எரிகின்றன. அவை சாலையையும் எங்கள் மாடி ஜன்னலையும் நேராகப் பார்த்திருப்பதால், வளைவில் திரும்பும் இருசக்கர வாகனக்காரர்களுக்கு எதிரே வருபவர் தெரிவதில்லை. உரிமையாளரோ, தம் இடத்தில் தம் விளக்கு என்கிறார். சத்தத்துக்கு விதி இருப்பதுபோல் வெளிச்சத்துக்கும் இருக்கிறதா? யாரிடம் முறையிடுவது?

பதில்: மனு எழுதுபவர்

வெளிச்சத்துக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், மாசுபடுத்துவதைத் திட, திரவ, வாயுப் பொருள் என்றே வரையறுக்கிறது. சத்தத்தை 1987-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்துக்குள் சேர்த்து, 2000-இல் தனி விதிகளும் வகுத்தார்கள். வெளிச்சத்துக்கு அந்த யோகம் இன்னும் வாய்க்கவில்லை. எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு அனுப்பிக் காத்திருப்பதில் பயன் இருக்காது.

உங்கள் பலம் சாலையில்தான் இருக்கிறது, அண்ணாச்சி. பொதுவழியில் செல்வோருக்கு இடையூறாக இருப்பதை அகற்றும்படி நிபந்தனை ஆணை (அகற்று, இல்லையேல் நேரில் வந்து காரணம் சொல் என்னும் உத்தரவு) பிறப்பிக்க, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) கோட்டாட்சியருக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் தூக்கம் கெடுவது தனிப்பட்ட இடையூறு. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. ஆகவே மனுவில் வளைவை முதலில் எழுதி, இரவில் எடுத்த புகைப்படத்தை இணையுங்கள். ஜன்னலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பதில்: வயரிங் வேலைக்காரன்

மனுவுக்கு முன், உரிமையாளரின் எலெக்ட்ரீஷியனிடம் பேசிப் பாருங்கள். விளக்கு பிரகாசமாக இருப்பதைவிட, அதன் முகம் நிமிர்ந்திருப்பதே இங்கே குற்றம். முகத்தைத் தரை நோக்கிக் கவிழ்த்து, மேலே ஒரு தகர மறைப்பு வைத்தால், அவருடைய வாசலுக்கு வெளிச்சம் குறையாது. சாலைக்கும் கண்கூச்சம் போய்விடும். 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை விளக்கை 3000 கெல்வின் மஞ்சள் விளக்காக மாற்றினால் இன்னும் நல்லது. பிரான்சு 2018-இல் இயற்றிய ஆணையிலும் பெரும்பாலான வெளிவிளக்குகளுக்கு இந்த 3000 தான் உச்சவரம்பு. நேராக எதிர்வெளிச்சம் விழுந்தால் சிசிடிவியில் ஆள் முகம் பதியாது என்பதையும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்துக்கு இரங்காதவரும் அதற்கு இரங்குவார்.

பதில்: முக்கூடல் வாசகி

அணைக்கச் சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பீடிக் கட்டைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு இருட்டிய பிறகு திரும்பும் பெண்களுக்கு, தெருவிளக்கு எரியாத ஊர்களில் இப்படிப்பட்ட தனியார் விளக்குதான் துணை. ஊராட்சி தன் விளக்குகளை ஒழுங்காகப் பராமரித்துவிட்டுப் பிறகு அடுத்தவரைக் கேட்கட்டும். கவிழ்த்து வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பதில்: அம்பை விவசாயி

மண்டபத்தை ஒட்டி வயல் இருந்தால் அதையும் கவனியுங்கள். நெல் குறும்பகல் பயிர். இரவின் நீளத்தைக் கொண்டே அது பூக்கும் காலத்தை அறிகிறது. விடியவிடிய வெளிச்சம் விழும் வரப்போரத்தில், பகல் நீளத்துக்குக் கட்டுப்படும் பழைய நீண்டகால ரகங்கள் பச்சையாகவே நின்று கதிர் தள்ளப் பிந்தும். எங்கள் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்து அம்பை 16 போன்ற குறுகியகால ரகங்கள் இதற்கு அவ்வளவாக மசிவதில்லை. பிசானப் பருவ நெல்லில் எந்த ரகம் போட்டார்கள் என்று விசாரித்துவிட்டுப் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பறவைகள் சரணாலயம் உள்ள கூந்தன்குளத்துக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊரே ஒத்துக்கொண்டு கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு அது. அதுபோல அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: சாலையோர வெளிவிளக்குகள் தரை நோக்கியே இருக்க வேண்டும், நிகழ்ச்சி இல்லாத நாளில் இரவு 11 மணிக்குப் பின் வாசல் விளக்கு ஒன்று போதும். மண்டபத்தின் பெயரைத் தீர்மானத்தில் எழுதாதீர்கள். எழுதினால் பேச்சு பகையில் போய் முடியும். மேலே சொன்ன 152-ஆம் பிரிவு மனுவுக்கு அந்தத் தீர்மானத்தின் நகலையும் இணைக்கலாம்.