அம்மாவோடு கப்பலில் நாலு ராத்திரி: போய் வந்தவர்கள் நீங்களும் சொல்லுங்கள்

போன பிப்ரவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய கப்பலில் போய் வந்தோம். மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட், ஒரு நாள் முழுக்கக் கடல், மறுபடி சிங்கப்பூர். அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. கிளம்புவதற்கு முன்னால் நான் விசாரித்ததெல்லாம் நீச்சல் குளம், நாடகம், சாப்பாடு பற்றித்தான். உண்மையில் விசாரித்திருக்க வேண்டியவை வேறு.

முதலில் பெட்டி. துறைமுக வாசலிலேயே சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்கிறார்கள். பகல் 1 மணிக்குக் கொடுத்த பெட்டி எங்கள் அறைக்கு வந்தபோது இரவு ஏழரை. சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரை அதற்குள் இருந்தது. அதுவரை அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

அப்புறம் விசா. இந்தியாவிலிருந்து வருபவர்கள் சிங்கப்பூர் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று பாருங்கள். கப்பல் கிளம்பினால் நாட்டை விட்டுப் போனதாகத்தான் கணக்கு. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு.

பினாங்கில் கப்பல் துறையோடு ஒட்டி நின்றது. ஜார்ஜ் டவுன் ஊரே அங்கிருந்து நடக்கிற தூரம்தான். குயின் தெருவில் இருக்கும் மகாமாரியம்மன் கோயில் 1833-இல் கட்டியது. அம்மா மெதுவாக நடந்தே போய்க் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் காபி குடித்துவிட்டு வந்தார். அந்தச் சாயங்காலம் முழுக்க அவர் முகத்தில் ஒரு தெளிச்சி.

மறுநாள் புக்கெட். அங்கே நாங்கள் துறையில் நிற்கவில்லை. பட்டாங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகுகளில் இறக்கினார்கள். இது எனக்குத் தெரியாது. கீழ்த்தளத்தில் கதவு திறந்திருக்கிறது. வாசலுக்கு வெளியே படகு ஒரு முழம் ஏறுகிறது, ஒரு முழம் இறங்குகிறது. நடுவில் பச்சைத் தண்ணீர் தெரிகிற இடைவெளி. இரண்டு ஊழியர்கள் ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்து, படகு மேலே வரும் நொடியில் கால் வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு முன்னால் நாற்பது பேர் அப்படித்தான் போனார்கள். அம்மா வாசல்வரை வந்து, தண்ணீரைப் பார்த்து, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீ போயிட்டு வா கண்ணு, நான் மேல இருக்கேன்" என்றார். நான் போகவில்லை. பயணத்திட்டத்தில் ஒவ்வொரு ஊருக்கும் எதிரே துறையா படகா என்று போட்டிருக்கிறது. பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் தயவுசெய்து அதைப் படியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். சைவத்துக்குக் குறையில்லை. முதல் இரவே உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டோம். அடுத்த நாள் முதல் அம்மாவுக்குத் தனியாகப் பருப்பும் சோறும் தயிரும் வந்தது. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை மட்டும் பஃபே பக்கம் போகாதீர்கள், உட்கார இடம் கிடைக்காது.

* * *

அக்கா, பட்டாங் படகில் இறங்கிப் போனவன் நான். என் கதை வேறு.

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். நாங்கள் போன கப்பல் தன் நேரத்தை மாற்றவே இல்லை. ஆனால் கரையில் கால் வைத்ததும் என் போன் தானாக மாறிவிட்டது. கடைசிப் படகு கப்பல் நேரப்படி நாலரைக்கு. போனில் மூன்று ஐந்து, கையில் இளநீர், நிதானமாக உட்கார்ந்திருக்கிறோம். என் மனைவி மட்டும் சாதாரண முள் கடிகாரம் கட்டியிருந்தார். அதில் நாலு ஐந்து! பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினோம். கடைசிப் படகுக்கு முந்தைய படகு கிடைத்தது. தாமதமாக வருபவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனால்தான் காத்திருப்பார்கள். தனியாகப் போய்க் கப்பலை விட்டுவிட்டால், அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று. கரை மறைந்ததும் போனை விமான முறையில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பை போன் தானாகப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு வந்த பில்லில் இரண்டு நாள் அறை வாடகையே கொடுத்திருக்கலாம்.

* * *

நானும் போய் வந்ததைச் சொல்கிறேன். எனக்கு வாந்திப் பயம். அதனால் நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்கினேன். ஊஞ்சலில் நடுப்பலகை போல அங்கே அசைவு குறைவு. மலாக்கா நீரிணையில் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. நாங்கள் போனது ஜூலை, தென்மேற்குப் பருவக்காற்று நேரம். புக்கெட்டை நெருங்கும்போது தரை லேசாகச் சாய்ந்தது. அலை கூடுதல் என்று கேப்டன் அறிவித்து, புக்கெட்டில் இறங்குவதையே ரத்து செய்துவிட்டார். வருத்தம்தான். ஆனால் டிக்கெட்டில் அவருக்கு அந்த உரிமை எழுதியிருக்கிறது, அவர் செய்ததும் சரி.

* * *

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. நான் ஆறு வருடம் இப்படிப்பட்ட கப்பல்களில் அடுக்களையில் வேலை பார்த்தவன். எங்கள் அறைகள் நீர்மட்டத்தை ஒட்டிக் கீழே இருக்கும், ஜன்னல் கிடையாது. எட்டு மாத ஒப்பந்தம். வார விடுமுறை என்று ஒன்று இல்லை. ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அந்த 10 மணிதான் எங்களுக்குத் தூக்கம், துணி துவைப்பது, வீட்டுக்குப் பேசுவது எல்லாம்.

மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, கை கழுவுங்கள். வாசலில் இருக்கும் ஜெல்லைத் தேய்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தருகிற நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அது ஒருவருக்கு வந்தால் இரண்டு நாளில் ஒரு தளமே படுத்துவிடும். இரண்டாவது, ஆபத்துப் பயிற்சியைத் தட்டிக் கழிக்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அந்த விபத்தில் 32 பேர் இறந்தார்கள். 2015 முதல் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சியை நடத்தியே ஆக வேண்டும். ஏழு குறுகிய சங்கொலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. அது கேட்டால் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது உங்கள் அறைக்கதவைத் திறக்கும் அட்டையில் அச்சிட்டிருக்கும். கால் வைத்து அங்கே ஒருமுறை நடந்து பாருங்கள்.

மூன்றாவது, ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் பில்லில் ஏறும் சேவைத் தொகை. வரவேற்பு மேசையில் போய் நீக்கச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது அறை சுத்தம் செய்பவருக்கும் பரிமாறுபவருக்கும் பகிர்ந்து போகிற பணம். செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

* * *

தம்பி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர் இந்தோனேசியப் பையன். புக்கெட்டில் நாங்கள் இறங்காமல் அறையில் இருந்தபோது எட்டிப் பார்த்து, சைகையில் முழங்காலைக் காட்டி விசாரித்தார், ஒரு தலையணை கூடுதலாகக் கொண்டுவந்து காலுக்கு அடியில் வைத்தார். கடைசி நாள் காலையில் அம்மா பிரிக்காத மிக்சர் பொட்டலம் ஒன்றை அவர் கையில் வைத்துவிட்டு, தமிழிலேயே "உங்க அம்மாவைப் பார்க்க எப்போ போவே சாமி?" என்று கேட்டார். "அம்மா" மட்டும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நாலு விரலைக் காட்டினார். இன்னும் நாலு மாதம். அம்மா இப்போது நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார், ஜூனில் அந்தப் பையன் வீட்டுக்குப் போய்விடுவான் என்று.