கைபேசியில் பாட்டுச் செய்வோருக்கு எந்தக் கொம்பிரசர்: திருகோணமலை நண்பர்களின் அனுபவப் பகிர்வு

உவர்மலையிலிருந்து

கைபேசியிலும் ஐபாடிலும் பாட்டுச் செய்கின்ற நம்மூர் ஆட்கள் பலர், குரலுக்கும் வாத்தியத்துக்கும் எந்தக் கொம்பிரசரை (உரத்த ஒலியைத் தானாக அமுக்கி, ஏற்றத்தாழ்வைக் குறைப்பது) போடுவது என்று ஒரு முறையாவது திண்டாடியிருப்பார்கள். எனக்கு நேர்ந்ததை முதலில் எழுதுகிறேன். மற்றவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை எழுதினால், புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பணமும் பொழுதும் மிஞ்சும்.

கோணேசர் கோயில் திருவிழாக் காலத்தில் வெளியிடுவதற்காக, என் தமக்கையின் மகள் பாடிய தேவாரம் ஒன்றை மிருதங்கத்தோடு வீட்டிலேயே ஐபாடில் பதிவு செய்தேன். கீழ் ஸ்தாயியில் தொடங்கும்போது பிள்ளையின் குரல் மூச்சோடு மூச்சாக இருந்தது. மேல் ஸ்தாயிக்கு ஏறியதும் மீட்டர் சிவப்பைத் தொட்டது. இந்த ஏற்றத்தாழ்வைப் பிடித்து நிறுத்துவதற்கென்று, பழைய ஒளிவகைக் கொம்பிரசரைப் பின்பற்றிச் செய்யப்பட்ட, இரண்டே குமிழ்கள் கொண்ட ஒரு பிளகினை (பதிவுச் செயலிக்குள் சேர்த்துக்கொள்ளும் துணைச் செயலி) வாங்கினேன். குரலில் அது செய்த வேலை மனத்துக்கு நிறைவாக இருந்தது. பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது கெடாமல், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அந்த மகிழ்ச்சியில் அதே பிளகினை மிருதங்கத்துக்கும் போட்டுவிட்டு, வாசித்த ஆசிரியருக்குப் பாட்டை அனுப்பினேன். அவர் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, அடி இருக்கிறது, என்னுடைய விரல் எங்கே?" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. அந்தப் பிளகினுக்கு மூலமான கருவி டெலிட்ரொனிக்ஸ் எல்ஏ-2ஏ; 1960களில் வந்தது. அதற்குள்ளே ஒலியின் வலிமைக்கேற்ப ஒளிரும் ஒரு தகடும், அந்த ஒளி பட்டதும் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் ஒரு கலமும் இருக்கின்றன. அட்டாக், அதாவது ஒலி உரத்ததும் அமுக்குவதற்கு எடுக்கும் நேரம், ஏறத்தாழ 10 மில்லிசெக்கன். ஒலி தணிந்த பின்னர், குறைத்த அளவில் பாதியை 60 மில்லிசெக்கன் அளவில் திருப்பிக் கொடுத்துவிடும். மீதிப் பாதிக்கு அரைச் செக்கனிலிருந்து சில செக்கன்கள் வரை எடுத்துக்கொள்ளும். நீண்டு இழைகின்ற குரலுக்கு இந்த நிதானம் அழகு சேர்க்கிறது. மிருதங்கத்திலோ ஒரு வலுவான அடி விழுந்ததும் கொம்பிரசர் அமுங்கி, அது எழும்புவதற்கு முன்னரே அடுத்து வரும் நுண்ணிய விரலடிகள் வந்து போய்விடுகின்றன.

பின்னர் மிருதங்கத்துக்கு, செயலியோடு இலவசமாகவே வந்த சாதாரணக் கொம்பிரசரைப் போட்டு, ரேஷியோவை (அமுக்கும் விகிதம்) 3:1, அட்டாக்கை 25 மில்லிசெக்கன், ரிலீஸை (அமுக்கியதைத் திருப்பி விடும் நேரம்) 80 மில்லிசெக்கன் என வைத்தேன். ஆசிரியரின் விரல் திரும்பி வந்தது. குரலுக்கு வாங்கிய பிளகின் குரலிலேயே நின்றுவிட்டது. வாங்கியதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் முதலில் வாங்க வேண்டியது அது அன்று. அட்டாக்கையும் ரிலீஸையும் மில்லிசெக்கனில் எழுதிக் காட்டுகின்ற, எத்தனை டெசிபல் குறைக்கிறது என்பதை அசையும் மீட்டரில் காட்டுகின்ற ஒரு கொம்பிரசரே முதலில் தேவை. அப்படிப்பட்ட ஒன்றில் பழகிய பிறகுதான், இரண்டு குமிழ் மட்டும் உள்ளது எதை மறைத்து வைத்திருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

கிண்ணியாவிலிருந்து

மேலே எழுதியவரிடம் ஐபாட் இருக்கிறது. என்னிடம் இருப்பது நடுத்தர விலையில் வாங்கிய அன்ட்ரொய்ட் கைபேசி. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருந்தால், கத்தாரில் இருக்கும் என் மூத்த நானா எனக்காக வாங்கித் தந்த பிளகின் பயனற்றுப் போயிருக்காது. அது கணினிக்குரிய விஎஸ்டி வகை. கைபேசியில் அதைத் திறக்க வழியே இல்லை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆப்பிள் நிறுவனம் 2015இல் ஐஓஎஸ் 9 உடன் ஏயூவி3 என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது. அதனால் அங்கே ஒரு கொம்பிரசரைத் தனியாக வாங்கி, கராஜ்பாண்ட், கியூபேசிஸ் என்ற பதிவுச் செயலிகள் இரண்டிலும் போடலாம். கணினியில் பலரும் பயன்படுத்தும் ஃபாப்ஃபில்டர் புரோ-சி 2 போன்றவைகூட ஐபாடில் அப்படிக் கிடைக்கின்றன. அன்ட்ரொய்டில் எல்லாச் செயலிகளும் ஏற்றுக்கொண்ட அப்படியான பொது ஒழுங்கு இல்லை. எந்தச் செயலியில் பதிவு செய்கிறோமோ, அதற்குள்ளே இருக்கின்ற கொம்பிரசரும், அந்தச் செயலிக்குள்ளேயே மேலதிகமாக விற்கப்படுவனவும்தான் நமக்கு. ஆகவே எங்களைப் போன்றவர்கள் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது பதிவுச் செயலியைத்தான். நான் ஓடியோ எவலூஷன் மொபைல், எஃப்எல் ஸ்டூடியோ மொபைல், என்-டிராக் ஆகியவற்றின் கொம்பிரசர்களை ஒரே குரலில் போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டே ஒன்றில் நிலைத்தேன். கியூபேசிஸ் 3 கூட 2020இலிருந்து அன்ட்ரொய்டுக்கு உண்டு.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. பெருநாளுக்காக றபான் அடித்துப் பாடிய பதிவொன்றில், ஒவ்வோர் அடிக்குப் பிறகும் அறையின் இரைச்சல் அலைபோல எழுந்து வந்தது. கொம்பிரசரின் எல்லாக் குமிழ்களையும் திருப்பிப் பார்த்தேன். முற்றாக அணைத்தும் பார்த்தேன். அணைத்த பிறகும் அலை எழுந்தது. இரண்டு இரவுகள் இதிலேயே போயின. கைபேசியின் சாதாரணக் குரற்பதிவுச் செயலியில் பதிவு செய்து, அதைத்தான் இசைச் செயலிக்குள் கொண்டுவந்திருந்தேன். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, மைக்கிலிருந்து வரும் ஒலியின் அளவைக் கைபேசி தானாகவே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. நாம் கொம்பிரசரைத் தொடுவதற்கு முன்னரே, நாம் கேட்காத ஒரு கொம்பிரசர் வேலை செய்து முடித்துவிடுகிறது. அதை எந்தப் பிளகினாலும் அவிழ்க்க முடியாது. அன்ட்ரொய்ட் 7 முதல், பதப்படுத்தாத மைக் ஒலியைச் செயலிகள் கேட்டுப் பெறுவதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. கைபேசியும் செயலியும் அதற்கு இடம் கொடுத்தால், உள்ளீட்டு அமைப்புகளில் அதைத் தெரிவு செய்துகொள்ளுங்கள். யூஎஸ்பி வழியாக வெளி மைக் இணைப்பது அதனிலும் நல்லது.

திருக்கடலூரிலிருந்து

கச்சான் வீசும் மாதங்களில் இங்கே மின்விசிறி இல்லாமல் ஓர் அறைக்குள் இருந்து பாட முடியாது. குரலுக்கு 9 டெசிபல் அளவுக்குக் கொம்பிரஷன் கொடுத்து, குறைந்ததை மேக்கப் கெயினால் திருப்பி ஏற்றினேன். வரிகளுக்கு இடையே மின்விசிறியும் அதே 9 டெசிபல் ஏறி வந்து நின்றது. இரைச்சல் மைனஸ் 55இல் இருந்தால் அது மைனஸ் 46க்கு வந்துவிடும் என்ற கணக்கை அதன் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். இப்போது விடியற்காலையில், விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்குக் கனமான போர்வை தொங்கவிட்டுப் பதிவு செய்கிறேன். இரைச்சலோடு வந்த பதிவுக்கு 3 டெசிபலுக்கு மேல் கொம்பிரஷன் கொடுப்பதே இல்லை.

தம்பலகாமத்திலிருந்து

நான் பாலர் பாடல்கள் செய்கிறேன். ஒரு சந்தேகம். கொம்பிரசர் போட்டால் பாட்டின் கோப்பும் சிறிதாகுமா? பெற்றோருக்கு அனுப்புவதற்கு எனக்கு அதுதான் தேவை.

சாம்பல்தீவிலிருந்து

அக்கா, இரண்டும் வேறு. எம்பி3 ஆக்கும்போது சுருங்குவது கோப்பு. கொம்பிரசர் சுருக்குவது ஒலியின் உரத்துக்கும் மெதுவுக்கும் இடையிலுள்ள தூரத்தை. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் மயக்கம் இது. உங்களுக்கு எம்பி3 ஆக்குவதே போதும். பிள்ளைகளின் குரல் சில இடங்களில் கேட்காமல் போகிறது என்றால் மட்டும் கொம்பிரசர் பற்றி யோசியுங்கள்.

எங்கள் குடும்பம் தவில் வாசிக்கின்ற குடும்பம். தவிலின் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள்; இடந்தலையைக் கழியால் அடிப்பார்கள். கூடு தோலில் படுகின்ற அந்தக் கணத்தின் கூர்மை மைக்கில் ஊசிபோல ஏறி நிற்கும். அதைப் பிடிப்பதற்கு வேகமான கொம்பிரசர் வேண்டும் என்று அறிந்து, 1967இல் பில் புட்னம் வடிவமைத்த 1176 என்ற கருவியின் வழியில் செய்யப்பட்ட பிளகின் ஒன்றை எடுத்தேன். உரத்த அடிகளின் நுனியை மட்டும் சற்றுத் தட்டிவிட வேண்டும் என்பதே என் எண்ணம்; எனவே அட்டாக்கை மெதுவாக்குவதற்காகக் குமிழை 7இல் வைத்தேன். தவில் பெட்டிக்குள் அடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. அப்பா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். எனக்கு அது மிகவும் வலித்தது.

அந்தக் கருவியில் 7 என்பதுதான் மிக வேகம். 1 என்பது மெதுவு. ரிலீஸும் அப்படியே. பிளகின்களும் மூலக் கருவிக்கு உண்மையாக இருப்பதற்காக அந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன. மேலும் அதன் அட்டாக் 20 மைக்ரோசெக்கனிலிருந்து 800 மைக்ரோசெக்கன் வரைதான். அதாவது அதில் மிக மெதுவான நிலைகூட ஒரு மில்லிசெக்கனை எட்டாது. தவிலின் நுனி முழுதாக வெளியே வர வேண்டுமென்றால், 1இல் வைத்தாலும் அந்தக் கருவி அதற்கு உரியதன்று. உவர்மலை அண்ணா சொன்னதுபோல், மில்லிசெக்கனை எழுத்தில் காட்டும் சாதாரணக் கொம்பிரசரில் 15 மில்லிசெக்கன் வைத்ததும் கூட்டின் ஓசை வெளியே வந்தது. 1176 வகையை நான் தூக்கி எறியவில்லை. நாதஸ்வரம் உச்சத்தில் பிளிறும் இடங்களை 4:1இல் அது அழகாகத் தாங்குகிறது.

முழுப்பாட்டின் மீது ஒரு கொம்பிரசர் போடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இடந்தலையின் அடி விழும்போதெல்லாம் நாதஸ்வரம் ஒரு கணம் பின்னுக்குப் போய் வந்தது. தாழ்ந்த ஒலிகளுக்கே ஆற்றல் அதிகம் என்பதால் கொம்பிரசர் அவற்றைக் கண்டு எல்லாவற்றையும் சேர்த்து அமுக்குகிறது. சைட்செயின் வடிகட்டி உள்ள கொம்பிரசராகத் தேடி எடுத்து, 120 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அது கவனிக்காதபடி வைத்தேன். பாட்டிலிருந்து தாழ்ந்த ஒலி குறையவில்லை. அமுக்குவதற்கான தீர்மானத்திலிருந்து மட்டும் அது விலக்கப்பட்டது. முழுப்பாட்டுக்கென்று காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், இந்த வசதி இல்லாத ஒன்றை இனி நான் வாங்க மாட்டேன்.

மூதூரிலிருந்து

நான் சொல்லிசை செய்பவன். பாடும்போதே காதில் குரல் நிறைவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கொம்பிரசரையும் லிமிட்டரையும் (ஒலி ஓர் உச்ச வரம்பைத் தாண்டாமல் தடுப்பது) போட்டுக்கொண்டு பதிவு செய்தேன். என் குரல் எனக்கே பிந்திக் கேட்டது. தாளத்தோடு சொற்களை நிறுத்த முடியவில்லை. என் வாய்தான் சரியில்லை என்று நினைத்து ஒரே பத்தியை முப்பது முறைக்கு மேல் பாடியிருப்பேன்.

பிழை மூன்று இடங்களில் இருந்தது. பஃபரை (செயலி ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் ஒலித்துண்டின் அளவு) 1024 சாம்பிளில் வைத்திருந்தேன். 48 கிலோஹேர்ட்ஸில் அது மட்டுமே 21 மில்லிசெக்கன். லிமிட்டர் வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்ப்பதற்காக மேலும் சில மில்லிசெக்கன்களைத் தாமதிக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாகப் புளூடூத் காதணிப்பான். அது நூறு மில்லிசெக்கனுக்கு மேல் சேர்த்தது. இப்போது வயர் காதணிப்பான், 256 சாம்பிள் பஃபர், பதிவின்போது எந்தப் பிளகினும் இல்லை. பாடி முடித்த பிறகு பஃபரை ஏற்றிவிட்டுக் கொம்பிரசரைப் போடுகிறேன். தாமதம் தரும் அந்த முன்பார்வை வசதியை அணைத்து வைக்கக்கூடிய பிளகினா என்பதையும் வாங்கும் முன்னர் பார்க்கிறேன். கைபேசி சூடேறி ஒலி முறியத் தொடங்கினால், முடிந்த தடங்களைக் கொம்பிரசரோடு சேர்த்து நிரந்தர ஒலியாக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

எனக்கு இன்னும் விளங்காத ஒன்று: எந்தக் கொம்பிரசரைப் போட்டாலும் முதலில் நன்றாகவே கேட்கிறது. எது உண்மையில் நல்லது என்று எப்படிப் பிரித்தறிகிறீர்கள்?

உவர்மலையிலிருந்து மீண்டும்

தம்பி, உரமாகக் கேட்பது எதுவும் நன்றாகவே கேட்கும். காதின் இயல்பு அது. பல பிளகின்கள் திறந்தவுடனேயே மேக்கப் கெயினைத் தாமாக ஏற்றிவிடுகின்றன. அந்தத் தானியங்கி வசதியை முதலில் அணையுங்கள். பிறகு மீட்டர் 4 அல்லது 5 டெசிபல் குறைப்பைக் காட்டும்வரை த்ரெஷோல்டை (அமுக்கத் தொடங்கும் ஒலி அளவு) தாழ்த்தி, வெளியீட்டைக் கையால் ஏற்றி, பிளகினை அணைத்தாலும் திறந்தாலும் ஒரே உரமாகக் கேட்கும்படி சமப்படுத்துங்கள். அதன் பிறகு திரையைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து முறை அணைத்தும் திறந்தும் கேளுங்கள். எது திறந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் போக வேண்டும். நான் இப்படிக் கேட்டபோது, ஆசையாக வாங்க நினைத்த இரண்டு பிளகின்களுக்கும் செயலியோடு வந்ததற்கும் குரலில் வேறுபாடு சொல்ல முடியவில்லை. வாங்காமல் விட்டேன். அந்தப் பணத்தில் மைக்குக்கு ஒரு நல்ல தாங்கி வாங்கினேன்.

ரிலீஸைத் தாளத்தோடு ஒட்டிப் பாருங்கள். நிமிடத்துக்கு 90 அடி என்றால் ஓர் அடி 667 மில்லிசெக்கன். அதில் கால் பங்கான 167இல் தொடங்கி, மீட்டரின் முள் அடுத்த அடிக்கு முன்னர் மேலே திரும்பி வருகிறதா என்று கவனியுங்கள். சொல்லிசையில் சொற்கள் நெருங்கி விழுவதால் இது உடனே காதுக்குத் தெரியும்.

இறுதியில் பாட்டை இயன்றவரை உரமாக்க வேண்டும் என்று லிமிட்டரை நசுக்காதீர்கள். ஸ்பொட்டிஃபை ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (முழுப்பாட்டும் எவ்வளவு உரமாகக் கேட்கிறது என்பதன் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் கொண்டுவந்துவிடுகிறது. மைனஸ் 8இல் அனுப்பினால் அங்கே 6 டெசிபல் குறைத்தே ஒலிக்கும், ஆனால் நசுங்கியது நசுங்கியதாகவே இருக்கும். நான் மைனஸ் 14ஐ ஒட்டி, உச்சம் மைனஸ் 1ஐத் தாண்டாமல் முடிக்கிறேன்.

கோயில் வீதியில் குழாய் ஒலிபெருக்கியில் போடுவதற்கு மட்டும் இன்னொரு பிரதி தனியாக எடுக்கிறேன். அங்கே தாழ்ந்த ஒலி வரவே வராது, சுற்றிலும் சனத்தின் சத்தம் வேறு. அதனால் குரலுக்குக் கூடுதலாக 2 அல்லது 3 டெசிபல் கொம்பிரஷன் தாங்கும். சாம்பல்தீவுத் தம்பி, தவிலுக்கு அப்படியொரு பிரதி நீங்கள் எடுத்ததுண்டா? உண்டென்றால் அட்டாக் எவ்வளவு வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.