எக்ஸிகியூட்டிவ் சம்மரி: எழுதியவர்களும் படித்தவர்களும் சொல்வது

கொள்முதல் குழுவில் உட்கார்ந்து, வேலை கேட்டு நிறுவனங்கள் அனுப்பும் புரொபோசல்களுக்கு மதிப்பெண் போடுகிற வேலை எனக்கு. எங்கள் குழுவில் முழு ஆவணத்தையும் எல்லோரும் படிப்பதில்லை. தொழில்நுட்பம் பார்ப்பவர் அவர் பகுதியைப் படிப்பார், ஒப்பந்த நிபந்தனை பார்ப்பவர் அவர் பகுதியை. கடைசியில் கையெழுத்துப் போடுகிறவர் பெரும்பாலும் எக்ஸிகியூட்டிவ் சம்மரியோடு, அதாவது ஆவணத்தின் தொடக்கத்தில் வரும் சுருக்கத்தோடு சரி. எல்லோர் கண்ணிலும் படுகிற ஒரே பக்கம் அதுதான்.

அண்மையில் வந்த ஒன்று இப்படி ஆரம்பித்தது: "தரத்திலும் சேவையிலும் முன்னணியில் திகழும் எங்கள் நிறுவனம் இந்தப் புரொபோசலைச் சமர்ப்பிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறது." அடுத்து நிறுவன வரலாறு, அதற்கடுத்து விருதுகள். எங்கள் கிடங்கு இரண்டாம் பக்கத்தின் பாதியில்தான் தலைகாட்டியது. இன்னொருவரின் முதல் வரி: "ஆர்டர் வந்து சரக்கு உங்கள் கிடங்கைவிட்டு வெளியேற இப்போது 3 நாள் ஆகிறது. அதை ஒரே நாளாக்கும் வேலையை 4 மாதத்தில் முடித்துத் தருகிறோம்." பக்கத்திலிருந்த அதிகாரி பேனாவை எடுத்து அந்த "3 நாள்" மீது வட்டம் போட்டார். இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பார்த்தால், டெண்டரின் பின்னிணைப்பில் நாங்களே கொடுத்த அட்டவணையிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்! வேலை அவர்களுக்குக் கிடைக்கவில்லை, விலையில் போய்விட்டது. ஆனால் நேரில் பேச அழைத்த சிலரில் அவர்களும் இருந்தார்கள்.

*

மேலே எழுதிய நண்பர் விலையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். "சம்மரியிலேயே மொத்தச் செலவைச் சொல்லிவிடு" என்று பொதுவாக அறிவுரை சொல்வார்கள். இரண்டு உறை டெண்டரில் அது ஆளையே கவிழ்த்துவிடும். அதில் தொழில்நுட்ப உறையை முதலில் திறந்து மதிப்பெண் போடுவார்கள், தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிறகு திறப்பார்கள். எங்களோடு போட்டியிட்ட ஒரு நிறுவனம் தொழில்நுட்ப உறைக்குள் இருந்த சம்மரியில் மொத்தத் தொகையை எழுதி வைத்திருந்தது. நிராகரிப்புக்கான காரணமாக அதையே குறிப்பிட்டிருந்தார்கள். உலக வங்கி நிதியில் நடக்கும் ஆலோசகர் தேர்விலும் இப்படித்தான்: தொழில்நுட்பப் பகுதிக்குள் விலை விவரம் தெரிந்தால் அந்தப் புரொபோசல் தள்ளுபடி. அதனால் எழுதுவதற்கு முன் டெண்டர் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். விலை சொல்லக் கூடாத இடத்தில் எவ்வளவு நேரம் மிச்சம், எவ்வளவு கழிவு குறையும் என்று பலனைச் சொல்லலாம்.

*

நான் புரொபோசல் எழுதிக் கொடுக்கிற தரப்பு. சம்மரியைக் கடைசியில்தான் எழுத வேண்டும் என்று சொல்வார்கள், அதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். வேலை தொடங்கும்போதே அரைப் பக்கம் கிறுக்கலாக எழுதிக் குழுவுக்கு அனுப்பிவிடுவேன். வாடிக்கையாளரின் பிரச்சினை என்ன, நாம் செய்யப்போவது என்ன, ஏன் நாம், அவர்கள் அடுத்து எடுக்க வேண்டிய முடிவு என்ன, அவ்வளவுதான். விற்பனைக்காரர் ஒன்று சொல்வார், பொறியாளர் வேறொன்று சொல்வார். அந்தச் சண்டை முதல் வாரத்திலேயே முடிவது நல்லது. எல்லாப் பகுதிகளும் முடிந்தபின் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவேன்.

அப்புறம் எண்களைச் சரிபார்ப்பது. சம்மரியில் 4 மாதம் என்றிருக்கும், உள்ளே கால அட்டவணையில் 5 என்றிருக்கும். யாரோ நடுவில் திருத்தியிருப்பார்கள். படிப்பவருக்கு அதற்குப் பிறகு எந்த எண்ணிலும் நம்பிக்கை இருக்காது.

நீளம் கேட்டால், ஒன்று அல்லது இரண்டு பக்கம். 1940 ஆகஸ்டில், போர் நடுவே, பிரிட்டன் பிரதமர் சர்ச்சில் தன் அரசு அதிகாரிகளிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்: முக்கியமானவை சிறு சிறு பத்திகளில், விரிவான ஆய்வும் புள்ளிவிவரமும் பின்னிணைப்பில். அவருக்கே படிக்க நேரமில்லை என்றால் நம் வாடிக்கையாளருக்கு எங்கிருந்து வரும்?

*

நாங்கள் செய்வது ஒன்று: கணக்குப் பிரிவில் இருக்கும், இந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் சம்மரியைக் கொடுப்போம். 2 நிமிடத்தில் வாங்கிவிட்டு, "நாம் அவர்களிடம் என்ன கேட்கிறோம்?" என்று மட்டும் கேட்போம். பதில் தடுமாறினால் மறுபடி எழுதுவோம். சரி, சம்மரியில் வரைபடம் போடலாமா? கொள்முதல் குழு நண்பர் சொன்னால் நன்றாக இருக்கும்.

*

போடலாம், ஒன்று போதும். ஆனால் நாங்கள் கறுப்பு வெள்ளையில்தான் அச்செடுக்கிறோம். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று விளக்கம் எழுதினால் எல்லாமே சாம்பல் நிறமாகத்தான் வரும். கோட்டின் மேலேயே பெயரை எழுதிவிடுங்கள்.